கிரவுன் குடிக்கும் தண்ணீர்

ஜீப்பின் பின் ஆக்சிலுக்கு நடுவே உருண்டையாகப் புடைத்துத் தெரியும் இரும்புக் கூட்டை மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்பார்கள். எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. கார்த்திகை மழை ஓய்ந்த நாட்களில் பத்மநாபபுரம், தக்கலைப் பக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் நின்று பார்த்தால், மலையிலிருந்து இறங்கி வந்த ஏதாவது ஒரு ஜீப்பின் கிரவுனைத் திறந்துகொண்டிருப்பார்கள். ராத்திரி முழுக்க அசையாமல் நின்ற வண்டி என்றால் டிரெயின் நட்டைத் தளர்த்தியதும் முதலில் வருவது எண்ணெய் அல்ல, கலங்கல் தண்ணீர். அது வடிந்து முடிந்த பிறகு, பால் விட்ட காப்பி நிறத்தில் கொழகொழவென்று ஒன்று மெல்ல இறங்கும். அதுதான் ஒருகாலத்தில் கியர் ஆயிலாக இருந்தது.

"வண்டிக்க கிரவுனுல வெள்ளம் கேறியாச்சு அண்ணே. சீலு போயிருக்கும்" என்பார் மெக்கானிக்.

"போன மாசந்தான டே சீலு மாத்துனோம்? முட்டளவு வெள்ளங்கூட இல்லியே நான் இறங்குன எடத்துல" என்பார் ஓட்டுநர்.

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். சீல் புதிது, ஓடையில் தண்ணீரும் குறைவு, ஆனாலும் உள்ளே தண்ணீர் இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்தப் புதிரைப் பற்றியது.

புதிர் இந்த ஊரில் அடிக்கடி எழுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் மழை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வேளிமலை அடிவாரத்தில், வள்ளியாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரத்தைச் சுற்றி, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து ஓடுகிறது. அந்த ஊர் பெயரிலேயே பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாய் இருக்கிறது. வடக்கே ஏறினால் ரப்பர் தோட்டங்கள்: கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு. 1984-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் தனியார் தோட்டங்களும் மலைச்சரிவெங்கும் பரந்து கிடக்கின்றன. அங்கே தார்ச்சாலை முடிந்த இடத்தில் ஜீப்பின் வேலை தொடங்குகிறது. ஆள், அரிசி, உரம், ரப்பர் ஷீட் எல்லாம் அதில்தான். வழியில் குறுக்கிடும் ஓடைக்குப் பாலம் இருக்காது. கல் பாவிய இறக்கம் இருந்தால் அதிர்ஷ்டம்.

1947-இல் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த டீசல் ஜீப்புகள் மலைப்பாதைகளில் இன்றும் ஓடுகின்றன. புதிய தாரும் பொலேரோவும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஆனால் பின் ஆக்சிலின் அமைப்பு பெரிதாக மாறவில்லை, அது தண்ணீர் குடிக்கும் விதமும் மாறவில்லை.

பாரம் ஏற்றிய ஜீப் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முக்கால் மணி நேரம் மலை ஏறினால், கிரவுனைத் தொட்டுப் பார்க்க முடியாது. எண்ணெய் 80 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எண்ணெய்க்கு மேலே காற்றும் இருக்கிறது. சூடானால் காற்று விரியும். விரிந்த காற்று வெளியேறட்டும் என்றுதான் ஆக்சில் குழாயின் மேல் விரல்நுனி அளவில் ஒரு மூடியை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பிரீதர். சூடாகும்போது காற்றை வெளியே விடுவதும், ஆறும்போது உள்ளே இழுப்பதும் அதன் வேலை.

இப்போது வண்டி ஓடையில் இறங்குகிறது. மலைத்தண்ணீர், 28 டிகிரிக்கு மேல் இருக்காது. கொதிக்கிற இரும்புக் கூடு அதில் முங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கப் பார்க்கும். பிரீதர் திறந்திருந்தால் அதன் வழியே வெளிக்காற்று வந்து குறையை நிரப்பிவிடும். பிரீதரைச் சேறு அடைத்திருந்தால்? மலைப்பாதை ஜீப்பில் பெரும்பாலும் அடைத்துத்தான் இருக்கும். அப்போது உள்ளே வெற்றிடம் உருவாகும்.

எவ்வளவு வெற்றிடம் என்று பள்ளிக்கூடக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 80 டிகிரி என்பது கெல்வினில் 353. 28 டிகிரி என்பது 301. 301-ஐ 353-ஆல் வகுத்தால் 0.85. ஆக, முழுதும் ஆறும்போது உள்ளழுத்தம் 15 சதவீதம் குறையும். ஒரு வளிமண்டல அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணுக்குச் சமம். அதில் 15 சதவீதம் என்றால் ஒன்றரை மீட்டர். முழங்கால்கூட நனையாத ஓடையில் நிற்கும் ஆக்சிலின் சீல்கள், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அமிழ்த்தி வைத்ததுபோன்ற அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. கூட்டுக்குள் 2 லிட்டர் காற்று இருந்து, குறை முழுவதையும் தண்ணீரே நிரப்பினால், ஒரே ஓடையில் 300 மி.லி. உள்ளே போகும். ஓட்டுநர் சொன்னது சரிதான், ஆழம் இல்லை. தண்ணீரை வண்டியே இழுத்துக்கொண்டது.

மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. தண்ணீர் சீல் வழியாகத்தான் வந்தது, ஆனால் சீல் கெட்டுப்போயிருக்க வேண்டிய அவசியமில்லை. ஆயில் சீலின் உதடு உள்பக்கம் பார்த்து வளைந்திருக்கும். ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதை அச்சின்மேல் இறுக்கிப் பிடித்திருக்கும். உள்ளிருந்து எண்ணெய் தள்ளினால் உதடு மேலும் இறுகும். வெளியிலிருந்து தண்ணீர் தள்ளினால் உதடு விலகும். எண்ணெயை உள்ளே நிறுத்தத்தான் அதைச் செய்தார்கள். தண்ணீரை வெளியே நிறுத்துவது அதன் வேலை அல்ல. பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் அடுத்த மழையிலும் அதே காப்பிதான்.

சீலைப் பற்றி இன்னொன்று. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடும் ஜீப்பின் ஆயில் சீலில் அந்த மரத்துப் பாலுக்கு இடமில்லை. இயற்கை ரப்பர் ஹைட்ரஜனும் கார்பனும் மட்டும் சேர்ந்த சங்கிலி. மினரல் ஆயிலும் அதே இனம். அதனால் எண்ணெயில் கிடந்தால் இயற்கை ரப்பர் அதை உறிஞ்சி ஊதி, உருக்குலைந்துவிடும். 1930-களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பர்தான் எண்ணெய்க்குத் தாக்குப்பிடிக்கும். கையில் கிடைத்த டியூப் துண்டை வெட்டி கேஸ்கட் ஆக்கும் வழக்கம் தோட்டப் பகுதிகளில் உண்டு. தண்ணீர்க் குழாய்க்கு அது சரி, எண்ணெய் இருக்கும் இடத்துக்கு ஆகாது.

தண்ணீர் கலந்த எண்ணெய் என்ன செய்கிறது? கிரவுன் பற்களுக்கு நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அத்தனை மெல்லிய படலம்தான் இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் தடுக்கிறது. அதில் ஒரு துளித் தண்ணீர் சிக்கினால் அந்த இடத்து அழுத்தத்தைத் தாங்காது. படலம் அறுந்து பல்லோடு பல் உரசும். கியர் ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த வேதிப்பொருட்களைக் கலந்திருப்பார்கள். நெருக்கடி நேரத்தில் இரும்பின் மேல் ஒரு காப்புப் பூச்சு உருவாக்குவது அவற்றின் வேலை. தண்ணீர் சேர்ந்தால் அவையும் சிதைந்து, சில வேளைகளில் அமிலமாக மாறி, காக்க வேண்டிய இரும்பையே அரிக்கும்.

இதைவிட மோசமானது வண்டி நிற்கும் காலம். ஓடும்போது தண்ணீர் எண்ணெயோடு கலந்து சுற்றும். நின்றால் பிரிந்து அடியில் தங்கும். பேரிங்கின் கீழ்ப்பாதி உருளைகள் தண்ணீரில் குளித்தபடி நிற்கும். உருளை தொடும் இடத்தில் துரு பிடிக்கும். அடுத்த உருளைக்குக் கீழே இன்னொரு கோடு. பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் வளையத்தின் உள்ளே, உருளைகளின் இடைவெளி மாறாமல், வரிசையாகப் பழுப்புக் கோடுகள் தெரியும். பிறகு எத்தனை முறை எண்ணெய் மாற்றினாலும் அந்தக் கோடுகள் போகாது. ஒவ்வொரு உருளையும் ஒவ்வொரு கோட்டிலும் இடறி, சில மாதங்களில் கிரவுன் கூவத் தொடங்கும். அடைமழையில் ஓடையைத் தாண்டிய வண்டியை அப்படியே பத்து நாள் ஷெட்டில் போட்டு வைப்பது, அதைத் தினமும் ஓட்டுவதைவிடக் கெடுதல்.

தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் எண்ணெய் நிறம் மாறாமலும் இருக்கலாம். அப்போது பழைய தோசைக்கல் உதவும். நன்றாகச் சூடாக்கி, திறந்தவெளியில், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். சுத்தமான எண்ணெய் சத்தமில்லாமல் பரவும். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீரைக்கூட இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெய் ஆய்வுக்கூடங்களிலும் முதல் சோதனையாக இதையேதான் செய்கிறார்கள், என்ன, அங்கே தோசைக்கல்லுக்குப் பதில் மின்சார அடுப்புத் தட்டு.

தண்ணீர் இருப்பது உறுதியானால் வண்டியை ஒரு ராத்திரி அசையாமல் நிறுத்தி, காலையில் முதலில் தங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி மிச்சத்தையும் இறக்க வேண்டும். விலை குறைந்த எண்ணெயை ஊற்றி, பாரம் இல்லாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, அதையும் இறக்கிய பிறகுதான் நல்ல 90 ஆயிலோ 140 ஆயிலோ, அந்த வண்டிக்குச் சொன்னதை ஊற்ற வேண்டும். பால் நிறமான எண்ணெயைக் கேனில் பிடித்து, ஒரு வாரம் தெளியவிட்டு, மேலே தெளிந்ததைத் திரும்ப ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தெளிந்தது நிறம்தான், சிதைந்த வேதிப்பொருள் திரும்பி வராது. அந்தச் சிக்கனத்துக்கு விலையாகக் கிரவுன் செட்டைக் கொடுக்க வேண்டிவரும்.

தடுக்கும் வழி இதைவிட மலிவு. ஆக்சிலில் இருக்கும் பிரீதரைக் கழற்றி, அந்தத் துளையில் எண்ணெய் தாங்கும் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையை எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டினால் போதும். முன் ஆக்சில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும் இதையே செய்யலாம். குழாய் எங்கும் தொய்ந்து கிடக்கக் கூடாது. தொய்வில் எண்ணெய் தேங்கினால் அதுவே அடைப்பாகிவிடும். தார் வாங்கியவுடன் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் ஸ்னார்க்கல் குழாயைக் கூரை வரை ஏற்றுகிறவர்களில் பலர், ஆக்சில் பிரீதர் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை. பிரீதரைக் கவனிக்காத ஸ்னார்க்கல் வெறும் அலங்காரம் என்பது என் கருத்து.

ஸ்னார்க்கல் காப்பது எஞ்சினை. அங்கே தண்ணீர் நுழைந்தால் விஷயம் மாதக்கணக்கில் இழுக்காது, ஒரு நொடியில் முடிந்துவிடும். பழைய பொலேரோவின் 2,523 சி.சி. டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் சுமார் 630 சி.சி. கம்ப்ரெஷன் விகிதம் 18-க்கு 1 என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 37 சி.சி.தான். மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் அந்த இடத்தை நிரப்பிவிடும். காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. அதை ஒரு சதவீதம் நெருக்கவே வளிமண்டல அழுத்தத்தைப் போல 200 மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே பிஸ்டன் அந்தரத்தில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். பெட்ரோல் எஞ்சினில் விகிதம் 10-க்கு 1 அளவில் இருப்பதால் மிஞ்சும் இடம் ஏறக்குறைய இரட்டிப்பு. டீசல் வண்டி தண்ணீரில் தெம்பாகப் போகும் என்ற நம்பிக்கை ஸ்பார்க் பிளக் நனையும் பயம் இல்லாததால் வந்தது. காற்றுக்குழாய் வழியே தண்ணீர் உறிஞ்சும் விஷயத்தில் அதற்குத்தான் இடர் அதிகம்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2021 நவம்பரில் குமரி மாவட்டத்திலும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்த தெருக்களில் வண்டிகள் மூழ்கி நின்றன. அப்படி மூழ்கிய எஞ்சின்களில் பல, வெள்ளத்தால் சாவதில்லை. வெள்ளம் வடிந்த மறுநாள், "ஓடுதா பாப்போம்" என்று உரிமையாளர் சாவியைத் திருப்பும்போதுதான் ராடு வளைகிறது. அதனால்தான் சாதாரண வாகனக் காப்பீடு இதை ஏற்பதில்லை. எஞ்சினுக்கென்று தனியாகச் சேர்க்கும் காப்பு இருந்தால்தான் பணம் கிடைக்கும். மூழ்கிய வண்டியில் முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். டீசல் எஞ்சின் என்றால் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ, பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக்கையோ கழற்றிவிட்டு, கையால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரைத் துப்ப வைக்க வேண்டும். ஏர் ஃபில்டர், எஞ்சின் ஆயில் இரண்டையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட்டர்.

ஓடை ஆழம் பற்றியும் சொல்ல வேண்டும். 2020-இல் வந்த தாருக்கு நிறுவனம் சொல்லும் எல்லை 650 மி.மீ. அது அசையாத தண்ணீருக்கான அளவு. பேச்சிப்பாறையிலிருந்து உபரிநீர் திறந்த நாளில் கோதையாற்றின் ஓரத்தில் அந்த எண் செல்லாது. 1,500 கிலோ எடையுள்ள வண்டி ஒன்றரை கன மீட்டர் தண்ணீரை விலக்கினால் மிதக்கும். 3.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம் என்றால் தரைத்தகட்டுக்கு மேல் 24 செ.மீ. தண்ணீரே போதும், கதவுகள் நன்றாக அடைபட்டிருந்தால். கதவே இல்லாத பழைய ஜீப்பில் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும், அதனால் அது மிதக்காமல் தரையைப் பிடித்து நிற்கும். ஓட்டுகிறவர் நனைவார்.

எஞ்சின் ஆயில் பால் நிறமாவதற்கு எப்போதும் ஓடையைக் குற்றம் சொல்லக் கூடாது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாவது அது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். தினமும் ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓடி, சூடாகும் முன்பே நிற்கும் வண்டியில் கொஞ்சம் கீழே இறங்கித் தங்கும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்ணிறக் களிம்பு இருந்தால் ஒருநாள் நீளமாக ஓட்டினாலே சரியாகிவிடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் அது ஹெட் கேஸ்கட். ஓடையோடு அதற்குச் சம்பந்தமில்லை.

டீசலுக்குள் தண்ணீர் வரும் கதையிலும் அதே காற்று வேலை செய்கிறது. பாதி காலியான டாங்கில் ராத்திரி ஈரம் வேர்த்துத் தண்ணீர் சேரும் என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 22 டிகிரியில் 19 கிராம். டாங்கில் 40 லிட்டர் காற்று இருந்தால் ஒரு ராத்திரிக்கு அரை கிராம்கூடத் தேறாது. உண்மையான குற்றவாளி, தோட்டத்து ஷெட்டுக்கு வெளியே நட்டுக்குத்தலாக நிற்கும் 200 லிட்டர் டிரம். மழை பெய்தால் அதன் தலையில், விளிம்புக்குள் தண்ணீர் தேங்கும். பகலில் சூடாகி உள்ளிருந்து காற்று வெளியேறும். மழை அடித்து டிரம் குளிர்ந்ததும், இறுகாத மூடியின் மரை வழியே தேங்கிய தண்ணீரை அப்படியே உள்ளே இழுக்கும். கிரவுனில் நடந்ததேதான் இங்கும். டிரம்மைப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் இருக்கும்படி வைத்தால் மூடிகள் உள்ளிருக்கும் டீசலுக்கு அடியில் இருக்கும். மேலே தண்ணீர் தேங்க வழியுமில்லை. டாங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அதற்கும் டீசலுக்கும் இடைப்பட்ட கோட்டில் பூஞ்சை வளரும். ஃபில்டரில் கறுப்பாக, வழுவழுவென்று ஒட்டியிருப்பது அதுதான். பழைய ஜீப்பின் பம்பு இதையெல்லாம் ஓரளவு பொறுத்துக்கொண்டது. 1,600 பார் அழுத்தத்தை எட்டும் இன்றைய காமன் ரெயில் இன்ஜெக்டர் பொறுக்காது. ஃபில்டருக்கு அடியில் இருக்கும், தண்ணீரை வடிக்கும் திருகை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள்.

வயலில் இறங்கும் டிராக்டருக்கு இன்னொரு தொல்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் தொளி கலக்கும்போது கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் மணிக்கணக்கில் சேற்றில் உழலும். பல டிராக்டர்களில் கிளட்ச் அறையின் அடியில், கசியும் எண்ணெய் வெளியே சொட்ட ஒரு துளை விட்டிருப்பார்கள். தொளியில் இறக்கும் முன் அதை அடைக்க வேண்டும், கரை ஏறியதும் திறக்க வேண்டும். அடைக்க மறந்தால் கிளட்ச்சில் சேறு, திறக்க மறந்தால் எண்ணெய்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது தண்ணீரைத் தொடாமலே தண்ணீர் குடிக்கும் பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, இரண்டு மழையும் பெய்யும் இந்த ஊரில் கேட்கவே வேண்டாம். டாட்-3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். 3.7 சதவீதம் ஈரம் ஏறினால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். மேல்கோதையாற்றிலிருந்து வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போது அது கொதித்து ஆவியானால், மிதி ஒன்றும் பிடிக்காமல் தரைவரை போகும். பார்வைக்கு எண்ணெய் நன்றாகவே இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிரவுனிலிருந்து இறக்கிய அந்தக் காப்பி நிறக் கலவையை ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் ஓடையிலோ கால்வாயிலோ ஊற்றாதீர்கள், ஜீப்பைக் கழுவ ஆற்றுக்குள்ளும் இறக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயக் கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, பழைய எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்துவிடுங்கள். புத்தனாறு கால்வாய்த் தண்ணீரில்தான் கீழே நெல் விளைகிறது.